உருவம் வேறு, அசைவு வேறு

காண்பது என்பது பிரிக்க முடியாத ஒரே செயல் என்றே மனிதர் எக்காலத்தும் கருதி வந்திருக்கின்றனர். தெருமுனையில் ஒரு வண்டி வருவதைப் பார்க்கும்போது, அதன் வடிவமும் நிறமும் அது ஓடிவரும் வேகமும் ஒரே கணத்தில், ஒரே பொருளின் லட்சணங்களாகவே நமக்குத் தோன்றுகின்றன. வடிவத்தைத் தனியாகவும் ஓட்டத்தைத் தனியாகவும் கண்டு, பிறகு இரண்டையும் சேர்த்துக் கொண்டோம் என்று யாரும் சொல்லமாட்டார். ஆனால், மூளையில் அடிபட்டதாலோ ரத்தம் தடைப்பட்டதாலோ பார்வை குலைந்தவர்களை ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாகப் பரிசோதித்து வந்த வைத்தியர்களின் சரித்திரம் இந்த இயல்பான நம்பிக்கைக்கு நேர்மாறான ஓர் உண்மையை நிலைநாட்டியிருக்கிறது. உருவத்தை இழந்தும் அசைவைக் காண்கிறவர் உண்டு. அசைவை இழந்தும் உருவத்தைத் தெளிவாகக் காண்கிறவர் உண்டு. இந்த உண்மை வெளிவந்த வழியில் இரண்டு யுத்தங்களின் ரத்தமும், மேதைகள் சிலரின் பிடிவாதமும், தங்களுக்கு நேர்ந்த விசித்திரத்தைப் பிறர் நம்பும்வரை மீண்டும் மீண்டும் எடுத்துச் சொன்ன நோயாளிகளின் பொறுமையும் கலந்திருக்கின்றன.

பார்வையின் ஸ்தானம் மூளையின் பின்புறத்தில் இருக்கிறது என்பதே வெகுகாலம் அறியப்படாதிருந்தது. இத்தாலியில் பாவியா நகரத்துச் சர்வகலாசாலையில் உடற்கூறு ஆசிரியராக இருந்த பர்த்தொலொமேயோ பனிட்சா என்பவர், பக்கவாதத்தால் பார்வை இழந்து இறந்தவர்களின் மூளையை ஆராய்ந்தும், பிராணிகளிடத்தே சோதனை செய்தும், பிடரிப் பக்கத்து மூளையே காட்சிக்கு ஆதாரம் என்று 1855 இல் எடுத்துரைத்தார். அக்காலத்துப் பண்டிதர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகு, பெர்லினில் ஹெர்மன் முங்க் என்பவர் நாய்களின் மூளையில் பிடரிப் பகுதியின் ஒரு சிறு இடத்தை இருபுறமும் நீக்கிப் பார்த்தார். அந்த நாய்கள் அறையில் கிடந்த சாமான்கள்மீது மோதாமல் விலகி நடந்தன. ஆயினும் எதிரே வைத்த உணவை உணவென்று அறியவில்லை, ஓங்கிய சாட்டையைக் கண்டு அஞ்சவில்லை, எஜமானனின் முகத்தைப் பார்த்து வாலாட்டவும் இல்லை. கண் காண்கிறது, மனம் காணவில்லை என்ற கருத்தில் இந்த நிலைக்கு அவர் ஆன்மக் குருடு என்று பெயரிட்டார். 1890 இல், பிரஸ்லாவ் நகரத்தில் ஹைன்ரிஹ் லிஸ்ஸௌவர் என்ற இளம் வைத்தியர், எண்பது வயது வியாபாரி ஒருவரிடம் இதே குறையைக் கண்டு, உருவத்தை உருவமாகக் கூட்டிக்கொள்ளும் சக்தி கெடுவது ஒரு வகை, கூட்டிக்கொண்ட உருவத்தை முன் அறிவோடு இணைக்கும் சக்தி கெடுவது இன்னொரு வகை என்று பிரித்துக் காட்டினார். காட்சி பல படிகளாக நடைபெறும் காரியம் என்ற சிந்தனை இங்கேதான் முளைவிட்டது. அசைவைப் பற்றிய எண்ணம் இன்னும் பிறக்கவில்லை.

அடுத்த பெரிய முன்னேற்றத்தை ஆராய்ச்சிக்கூடம் தரவில்லை, துப்பாக்கி தந்தது. 1904, 1905 ஆகிய ஆண்டுகளில் ஜப்பானுக்கும் ருஷியாவுக்கும் நடந்த யுத்தத்தில், ருஷியத் துருப்புகள் 7.62 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டாவைச் செலுத்தும் புதிய ரகத் துப்பாக்கிகளைக் கையாண்டன. பழைய காலத்துப் பெருங்குண்டு மண்டையைச் சிதைத்துவிடும்; இந்தச் சிறிய தோட்டாவோ மிகுந்த வேகத்தோடு ஒருபுறம் நுழைந்து மறுபுறம் நேராக வெளியேறிவிடுவதால், தலையில் சுடப்பட்டும் உயிர்பிழைத்தவர் பலர் இருந்தனர். அவர்களுக்குப் போன பார்வை எவ்வளவு, அதற்கேற்ற ஓய்வூதியம் எவ்வளவு என்று கணக்கிடும் பொறுப்பு தட்ஸுஜி இனோயே என்ற இளம் கண் வைத்தியரிடம் வந்தது. சர்க்கார் கேட்டதற்குப் பதில் எழுதி அனுப்பிவிட்டு அவர் ஓய்ந்திருக்கலாம்; ஆனால் அவர் தோட்டா நுழைந்த வடுவையும் வெளியேறிய வடுவையும் அளப்பதற்கென்றே தலையில் பொருத்தும் கருவி ஒன்றைத் தாமே அமைத்து, இரண்டு வடுக்களையும் ஒரு நேர்கோட்டால் இணைத்து, அந்தக் கோடு மூளையின் எப்பகுதியைக் கிழித்துச் சென்றிருக்க வேண்டும் என்று கணித்து, ஒவ்வொரு வீரனும் இழந்த பார்வைப் பரப்போடு அதை ஒப்பிட்டார். இவ்வாறு 29 வீரர்களைப் பரிசோதித்துப் பெற்ற முடிவுகளை 1909 இல் ஜெர்மன் மொழியில் நூலாக வெளியிட்டார். பார்வையின் நடுப்புள்ளிக்கு மூளையின் பின்கோடியில் மிக விரிந்த இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது என்பதும், ஓரப் பார்வைக்கு உட்புறத்தில் சுருங்கிய இடமே உண்டு என்பதும் அந்நூலால் புலனாயின.

அந்நூல் மேனாட்டில் பரவுமுன் முதல் உலக மகாயுத்தம் மூண்டது. டப்ளின் நகரத்துக்காரரான கோர்டன் ஹோம்ஸ் என்ற நரம்பு வைத்தியர், கிட்டப்பார்வை காரணமாக ராணுவத்தால் ஒதுக்கப்பட்டும் சோர்ந்துவிடாமல், செஞ்சிலுவைச் சங்கத்தாரின் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்ந்து பிரான்ஸுக்குச் சென்று, பிற்பாடு ராணுவத்தாராலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டுப் பூலோன் நகரத்தில் பணியாற்றினார். பதுங்குகுழி யுத்தத்தில் தலையே அதிகமாகக் குறிவைக்கப்பட்டது. பிரிட்டிஷ் வீரர்களின் இரும்புத் தொப்பியோ பிடரியின் கீழ்ப்பாகத்தை மூடாமல் உயர்ந்து நின்றது. பிடரியில் காயம்பட்டு வந்தவர்களை ஹோம்ஸ் ஒருவர் பின் ஒருவராகப் படுக்கையருகே உட்கார்ந்து சோதித்து, சிறிய வெள்ளை வட்டத்தைக் கண்ணுக்கெதிரே மெல்ல நகர்த்தி, எங்கே அது மறைகிறது, எங்கே மீளத் தோன்றுகிறது என்று குறித்து வந்தார். பிடரி மூளையின் உட்புறத்தே ஓடும் ஒரு பள்ளத்தின் மேல்கரையில் பார்வைப் பரப்பின் கீழ்ப்பாதியும், கீழ்க்கரையில் மேற்பாதியும் தலைகீழாகப் பதிந்திருப்பதை அவரும் கண் வைத்தியர் லிஸ்டரும் 1916 இல் எழுதிய கட்டுரை தெளிவுறக் காட்டிற்று. அவரிடம் வந்தவர்களில் கீழ்ப்பாதிப் பார்வையை இழந்தவர்களே மிகுதி. மேற்பாதிக்குரிய கீழ்க்கரையில் குண்டு பாய்ந்தால் அதன் அருகிலுள்ள பெரிய ரத்தக்குழாய்களும் சிறுமூளையும் கிழிபட்டு, பெரும்பாலோர் ஆஸ்பத்திரியை அடையும் முன்பே மாண்டுபோனதே அதற்குக் காரணம். ஹோம்ஸ் இவ்வாறு வரைந்த பார்வைப் படத்தின் ஒரு பாதி, சோதிப்பதற்கு உயிருடன் வந்து சேராதவர்களைப் பற்றியும் சொல்கிறது.

அதே சமயத்தில் லண்டனில், காயம்பட்ட அதிகாரிகளுக்கென்று ஏற்பட்டிருந்த எம்பயர் ஆஸ்பத்திரியில், ஸ்காட்லாந்துக்காரரான ஜார்ஜ் ரிட்டாக் என்ற முப்பது வயது நிரம்பாத ராணுவ வைத்தியர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிடரியில் குண்டு பாய்ந்து ஒருபக்கத்துப் பார்வை முழுவதும் அற்றுப்போனவரை உட்காரவைத்து, எதிரே ஒரு புள்ளியை உற்றுநோக்கச் சொல்லி, குருடான பக்கத்தில் விரலை அசையாமல் நீட்டினால், அங்கே ஒன்றுமில்லை என்பார். அதே விரலை அதே இடத்தில் ஆட்டினால், ஏதோ அசைகிறது என்பார். என்ன அசைகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அதற்கு உருவமில்லை, ஓரமில்லை, நிறம் என்று சொல்லவும் ஒன்றில்லை, நிழல்போன்ற ஒரு மங்கல் மட்டுமே உண்டு. ஆட்டத்தை நிறுத்திய கணமே அதுவும் இல்லாமற் போகும். மாதங்கள் செல்லச் செல்ல, பார்வை மீளுகிற நோயாளிகளிடத்தே அசைவுணர்ச்சி முதலில் திரும்புவதையும், உருவமும் நிறமும் பின்தங்கி வருவதையும் ரிட்டாக் கண்டார். 1917 இல் 'பிரெய்ன்' என்ற பத்திரிகையில் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம், அசைவைக் காண்பது காட்சியின் தனிப்பட்ட ஓர் அம்சம் என்பதாகும்.

இதை ஹோம்ஸ் ஒப்புக்கொள்ளவில்லை. அசையும் பொருள், அசையாத பொருளைக் காட்டிலும் வலுவான தூண்டுதல். பழுதடைந்த மூளை பலவீனமான தூண்டுதலுக்கு இசையாமல் பலமானதற்கு இசைகிறது. ஆகையால் காட்சி இரண்டாகப் பிளந்தது என்று கொள்வதற்கு இடமில்லை என்பது 1918 இல் அவர் தெரிவித்த அபிப்பிராயம். அந்த வாதம் அறிவுக்குப் பொருந்தாதது என்று சொல்லிவிட முடியாது. மூளையின் பார்வைப் பகுதி ஒரே ஒரு பரப்பு என்று எண்ணியவருக்கு அதைவிட நேரான விளக்கம் கிடைத்திருக்காது. ஹோம்ஸ் எவ்வளவு கூர்மையான கண்ணுடையவர் என்பதையும் மறக்கலாகாது: பொருளைக் கண்டும் அது இருக்கும் இடத்தைக் கண்டறிய முடியாமல் கை தடுமாறுகிற வீரர்களின் துன்பத்தை அவரளவு நுட்பமாக எழுதியவர் அரியர். ஆயினும் தாம் வரைந்த படம் பூரணமானது என்ற நம்பிக்கை அவரைக் கட்டிற்று. அவரோ 1922 முதல் அந்த 'பிரெய்ன்' பத்திரிகைக்கே ஆசிரியராகி, பதினைந்து ஆண்டுகள் பிரிட்டிஷ் நரம்பு வைத்திய உலகின் தலைமை நிலையில் இருந்தவர். கண் வைத்தியர் வெர்ரே, மூளைப் பழுதினால் ஒருபாதிப் பார்வையில் நிறம் அற்றுப்போன ஒரு மாதைப் பற்றி 1888 இல் எழுதியதற்கும், வியன்னாவில் போட்ஸல், ரெட்லிஹ் என்ற இருவர் அசைவைக் காணமாட்டாத ஒரு பெண்மணியைப் பற்றி 1911 இல் எழுதியதற்கும் நேர்ந்த கதியே ரிட்டாக்கின் கட்டுரைக்கும் நேர்ந்தது. பெரியவர்களின் கொள்கைக்கு அடங்காத சாட்சியம் ஏட்டில் உறங்கலாயிற்று.

உருவத்தின் இழப்பைப் பற்றிய சாட்சியமோ தொடர்ந்து சேர்ந்து வந்தது. பிராங்பர்ட் நகரத்தில் கோல்ட்ஸ்டைன், கெல்ப் என்ற இருவர், வெடிகுண்டுச் சிதறலால் பிடரியில் காயமடைந்த ஓர் இளம் தொழிலாளியைப் பற்றி 1918 இல் விரிவாக எழுதினர். அவனால் வாசிக்க முடிந்தது. ஆனால் எழுத்தின் வளைவைத் தலையசைவாலும் கையசைவாலும் பின்பற்றியே வாசித்தான். அந்த அசைவைத் தடுத்துவிட்டால் அவனுக்கு எழுத்து வெறும் கிறுக்கலாயிற்று. 1942 நவம்பரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கேளிக்கை விடுதி ஒன்றில் பற்றிய தீ ஏறக்குறைய ஐந்நூறு பேரைப் பலிகொண்டபோது, புகையில் சிக்கி மீண்ட இளம்பெண் ஒருத்தி எதிரேயுள்ள பொருள்களை உருவத்தால் அடையாளம் காணமாட்டாதவளானதை அலெக்ஸாண்ட்ரா அட்லர் என்ற பெண் வைத்தியர் பதிவு செய்தார். 1966 இல் கார்பன் மோனாக்ஸைடு வாயுவால் மயங்கி விழுந்து பிழைத்த ஓர் அமெரிக்கப் படைவீரனுக்கு வட்டத்துக்கும் சதுரத்துக்கும் வேற்றுமை தெரியவில்லை. தன் வைத்தியரின் முகமும் தெரியவில்லை. ஆனால் ஆஸ்பத்திரித் தாழ்வாரங்களில் எங்கும் முட்டாமல் சக்கர நாற்காலியைச் செலுத்திக்கொண்டு போனான். முங்க்கின் நாய்களிடத்தே கண்டது மனிதனிடத்தும் பலித்தது.

அசைவுக்கு நியாயம் வழங்கும் காலம் 1970 ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்தது. லண்டன் யூனிவர்ஸிட்டி காலேஜில் பணியாற்றிய செமீர் ஸெக்கி, மக்காக் குரங்குகளின் மூளையில், கண்ணின் செய்தி முதலில் எட்டும் முதல் பார்வைப் பகுதிக்கு முன்னே, பக்கவாட்டுப் பள்ளம் ஒன்றினுள் மறைந்துகிடந்த சிறு பரப்பில் நுண்ணிய மின்முனைகளைச் செலுத்தி, அங்குள்ள நரம்பணுக்கள் எதற்குத் துடிக்கின்றன என்று பார்த்தார். ஒரு கோடு வலமிருந்து இடமாக நகர்ந்தால் துடிக்கும் அணு, அது இடமிருந்து வலமாக நகர்ந்தால் மௌனமாயிருந்தது. கோட்டின் நிறத்தை மாற்றினாலும் அதற்கு அக்கறையில்லை. அசைவின் திசையை அறிவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பகுதி மூளையில் உண்டென்பது 1974 இல் வெளிவந்த அவரது ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. ஐந்தாவது பார்வைப் பகுதி என்று இதற்குப் பெயராயிற்று. குரங்குக்கு இருப்பது மனிதனுக்கும் இருக்குமானால், அது மட்டும் பழுதடைந்த மனிதர் எங்கேனும் இருக்க வேண்டுமல்லவா?

அத்தகையவர் மியூனிக் நகரத்தில் இருந்தார். 1978 இல் மூளையிலிருந்து ரத்தத்தை வடியச் செய்யும் பெரிய நாளத்தில் ரத்தம் உறைந்துபோனதால், நாற்பது வயதைக் கடந்த அந்த மாதுக்கு இருபுறத்தும் அசைவுக்குரிய பகுதி அழிந்தது. வைத்திய ஏடுகளில் எல். எம். என்ற முதலெழுத்துகளால் மட்டுமே அறியப்படும் அவரைப் பற்றி, ஜோஸப் ஸில் என்பவரும் அவரோடு பணியாற்றிய இருவரும் 1983 இல் எழுதினர். அவருக்கு எழுத்து வாசிக்க முடிந்தது. முகங்களும் பொருள்களும் நிறங்களும் முன்போலவே தெரிந்தன. ஆனால் கோப்பையில் தேநீர் ஊற்றும்போது, ஒழுகும் தாரை பனிக்கட்டியாக உறைந்து நிற்பதாகத் தோன்றிற்று. கோப்பையில் மட்டம் ஏறுவதைக் காணமாட்டாததால் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் தேநீர் வழிந்தோடியது. எதிரே பேசுகிறவரின் உதடும் முகமும் அசைவதைக் காணாததால் சம்பாஷணையைப் பின்தொடர்வது வருத்தம் தந்தது. அறையில் இரண்டு பேருக்கு மேல் நடமாடினால், அவர்கள் நடந்து போவது தெரியாமல், இங்கே இருந்தவர் திடீரென்று அங்கே இருப்பதாகத் தோன்றி மனம் கலங்கவே, அவர் அறையைவிட்டு வெளியேறிவிடுவார். சாலையைக் கடக்க நின்றால், தொலைவில் காணப்பட்ட மோட்டார் மறுகணம் அருகில் நிற்கும். இடையில் அது வந்த வழி அவருக்கு இல்லை. நாளடைவில் சக்கரத்தின் ஓசை பெருகுவதைக் கேட்டே வண்டியின் தூரத்தை மட்டிடப் பழகிக்கொண்டார். ஓசை நகர்வதை அவர் காது உணர்ந்தது. தோல்மீது ஒரு பொருள் ஊர்வதை ஸ்பரிசம் உணர்ந்தது. கண்ணுக்கு மட்டுமே அசைவு என்பது உலகத்திலிருந்து நீங்கிவிட்டது.

இதற்கு எதிரான நிலையை ஐந்து ஆண்டுகள் கழித்து இன்னொரு பெண்மணியிடம் உலகம் கண்டது. 1988 இல் இத்தாலியில் வசித்த 34 வயதுள்ள அந்த ஸ்காட்லாந்து மாது, குளியலறையில் தண்ணீர் காய்ச்சும் அடுப்பிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்ஸைடு வாயுவால் மூர்ச்சித்து விழுந்து பிழைத்தார். டி. எப். என்று குறிக்கப்படும் இவருக்கு நிறமும் பொருளின் மேற்பரப்பின் தன்மையும் தெரிந்தன; உருவம் தெரியவில்லை. டேவிட் மில்னர் என்ற மனோதத்துவ ஆசிரியர் ஒரு பென்சிலை நீட்டிக் காட்டியபோது, மஞ்சள் நிறம் என்றார். அது நிமிர்ந்து நிற்கிறதா, படுத்திருக்கிறதா என்று சொல்லத் தெரியவில்லை. ஆனால் எதிர்பாராத விதமாக அவர் கையை நீட்டி அந்தப் பென்சிலைப் பற்றி எடுத்தபோது, விரல்கள் பென்சிலின் சாய்வுக்கேற்பத் திரும்பிச் சற்றும் பிசகாமல் பிடித்தன. பின்னர் மெல்வின் குடேல் என்பவரும் சேர்ந்து, சுழற்றக்கூடிய ஒரு துளையில் அட்டையைச் செருகச் சொன்னபோதும் அவ்வாறே நடந்தது: துளையின் சாய்வைச் சொல்லச் சொன்னால் அவர் தவறினார், செருகச் சொன்னால் அட்டை சரியான கோணத்தில் திரும்பிற்று. பொருள் இன்னதென்று அறிவதற்கு ஒரு வழியும், பொருளின்மீது செயலாற்றுவதற்கு ஒரு வழியும் மூளையில் தனித்தனியே ஓடுகின்றன என்ற கொள்கை இதனால் வலுப்பெற்றது. உருவத்துக்குரிய பக்கவாட்டுப் பிடரிப் பகுதி அவருக்கு இருபுறமும் அழிந்திருந்ததை 2003 இல் எடுக்கப்பட்ட மூளைப் படங்கள் காட்டின.

ரிட்டாக்குக்கு உரிய நீதி 1993 இல் கிட்டிற்று. எட்டு வயதில் சாலை விபத்தில் முதல் பார்வைப் பகுதியின் ஒருபக்கத்தை இழந்து வளர்ந்த ஒருவரை, மூளையில் ரத்தம் பாய்வதைப் படமெடுக்கும் கருவியில் கிடத்தி, ஸெக்கியும் அவர் தோழர்களும் குருடான பக்கத்தில் அசையும் உருவங்களைக் காட்டினர். அவர் அசைவையும் திசையையும் தாம் உணர்வதாகச் சொன்னார். படத்தில் ஐந்தாவது பார்வைப் பகுதி செயற்படுவது தெரிந்தது. கண்ணிலிருந்து வரும் செய்தியில் ஒரு பங்கு, முதல் பகுதியின் வாசலுக்கே செல்லாமல் நேரே அசைவின் பகுதியை எட்டுகிறது. 1917 இல் விரலை ஆட்டிக் கேட்ட கேள்விக்கு, குருடான பக்கத்தில் ஏதோ அசைகிறது என்று அந்த அதிகாரிகள் சொன்ன விடை முற்றிலும் மெய். அது மெய்யென்று ருசுவாவதற்கு எழுபத்தாறு ஆண்டுகள் பிடித்தன.

இந்த நெடிய வரலாற்றில் நாம் கற்கவேண்டியது மூளையின் படத்தை மட்டுமன்று. இனோயேயும் ஹோம்ஸும் வரைந்த படம் இன்றளவும் நிற்கிறது. ஆனால், அவர்களைப்போலவே திறமை வாய்ந்த பரீட்சகர்கள் உருவமும் அசைவும் வெவ்வேறு என்பதைக் காணத் தவறியதற்கு, கருவிக்குறை காரணமன்று. அன்று ரிட்டாக் கையாண்டது தம் விரல் ஒன்றைத்தான். தன் கண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை நோயாளியைத் தவிர வேறு எவரும் உள்ளிருந்து அறியமாட்டார். அவர் சொல்வது நாம் கற்ற சாஸ்திரத்துக்கு முரணாக இருக்கும்போதுதான் அதை மேலும் உன்னிப்பாகக் கேட்கவேண்டிய கடமை நமக்கு ஏற்படுகிறது. பக்கவாதத்துக்குப் பிறகு, செய்தித்தாளை எளிதில் வாசிக்கிற ஒருவர், எதிரே பஸ் வருவது தெரியவில்லை என்று முறையிட்டால், பாசாங்கென்றும் மனக்கலக்கமென்றும் தள்ளிவிடுகிற வீட்டாரும் உண்டு, வைத்தியர்களும் உண்டு. எல். எம். என்ற மாதும் டி. எப். என்ற மாதும் அவ்வாறு தள்ளப்படாமல், தங்கள் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு அதை அளந்து பார்க்க முன்வந்தவர்களைப் பெற்றார்கள். அதனால்தான் அவர்கள் பட்ட துன்பம் மனித குலத்துக்கு அறிவாயிற்று. அளவுகோலை எடுக்குமுன் காதைக் கொடுப்பதே இத்தொழிலின் முதல் தர்மம் என்பதை, நூற்றைம்பது ஆண்டு அனுபவம் ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்திருக்கிறது.